முள்ளந்தண்டும் இதயமும்: ஒப்பரேஷன் பலன் தந்ததா என்று எப்படி அளக்கிறார்கள்?

முதுகில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்று ஒரு குரல் பதிவு. ஒடுங்கிய இதயக் குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் போட்டாலும் ஆயுள் கூடாது, அமெரிக்காவிலேயே நிரூபித்துவிட்டார்கள் என்று இன்னொன்று. இரண்டும் வைபரில் சுற்றி, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்துக் காத்திருக்கும் வீடுகளுக்குள் வந்து சேர்கின்றன. அதே வீட்டுக்கு வெளிநாட்டில் இருக்கும் தம்பியிடமிருந்து நேர் எதிரான அழைப்பும் வரும்: "காசு அனுப்புறன், தனியாரில காட்டி உடனே செய்யுங்கோ அண்ணை." நடுவில் நிற்பவர் நோயாளி.

இந்தச் செய்திகள் வெறும் கற்பனை இல்லை. இவற்றுக்குப் பின்னால் பெரிய, நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் அந்த ஆய்வுகள் விடை தேடிய கேள்விகள் மிகக் குறுகியவை. யாருக்கு, எந்த நிலையில், எத்தனை மாதத்தில், எதோடு ஒப்பிட்டு என்ற நாலையும் உருவிவிட்டால் மிஞ்சுவது வதந்திதான். அந்த நாலையும் திரும்பப் பொருத்திப் பார்ப்போம்.

பலன் என்று எதை எண்ணுகிறார்கள்?

"ஒப்பரேஷன் சக்சஸ்" என்று சொல்லி அனுப்பப்பட்டவர் ஆறு மாதம் கழித்தும் குனிந்து வாளி தூக்க முடியாமல் இருப்பார். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. மருத்துவர் ஒன்றை அளந்தார், நோயாளி வேறொன்றை எதிர்பார்த்தார். ஆய்வுகளில் விளைவு என்று எடுப்பவை பொதுவாக நாலு வகை.

1. உயிர். சிகிச்சைக்குப் பின் இத்தனை நாளில் எத்தனை பேர் இறந்தார்கள். இதில் குழப்பத்துக்கு இடமில்லை.

2. பெரிய நிகழ்வு. மாரடைப்பு, பக்கவாதம், மறுபடியும் சத்திரசிகிச்சை செய்யவேண்டி வருவது போன்றவை.

3. நோவும் இயக்கமும். நோயாளியே சொல்வது. நோவை 0 முதல் 10 வரை எண்ணாகச் சொல்லச் சொல்வார்கள். நாரி நோவுக்கு ஒஸ்வெஸ்ட்ரி என்றொரு படிவம் உண்டு. நடப்பது, இருப்பது, தூக்குவது, நித்திரை என்று பத்துத் தலைப்புகளில் கேட்டு, 0 முதல் 100 வரை புள்ளி போடுவார்கள். புள்ளி கூடினால் முடக்கம் கூட என்று அர்த்தம்.

4. படம். எம்ஆர்ஐயில் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு எப்படி இருக்கிறது, அஞ்சியோகிராமில் இதயக் குழாய் எத்தனை வீதம் அடைத்திருக்கிறது.

இந்த நாலில் நம்மவர்கள் அதிகம் நம்புவது கடைசியை. பெரிய உறையில் படத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராய் அலைகிறோம். ஆனால் தனியாகப் பார்த்தால் அதுதான் ஆகப் பலவீனமான அளவு. முதுகு நோவே இல்லாத 3,110 பேரின் படங்களை ஆராய்ந்த 33 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015 இல் ஒரு தொகுப்பு வெளியானது. இருபது வயதினரிலேயே 30 வீதமானோருக்கு வட்டு பிதுங்கியிருந்தது. எண்பது வயதில் 84 வீதம். இவர்கள் ஒருவருக்கும் நோவு இல்லை. ஆகவே "வட்டு பிதுங்கியிருக்கு" என்று அறிக்கையில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன், அந்தப் பிதுக்கமும் காலில் இழுக்கும் நோவும் ஒரே நரம்பில் பொருந்துகின்றனவா என்று பார்க்கவேண்டும். அதைக் கையாலும் சுத்தியலாலும் சோதித்துப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்லமுடியும்.

ஒப்பிட ஒரு குழு ஏன் வேண்டும்?

காய்ச்சலுக்கு நூல் கட்டினோம், மூன்றாம் நாள் விட்டது. நூல் கட்டாவிட்டாலும் விட்டிருக்குமா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, கட்டாத ஒரு கூட்டத்தையும் பார்ப்பது. அந்த இரண்டு கூட்டத்திலும் யார் எதில் என்பதை மருத்துவரோ நோயாளியோ தெரிவு செய்யாமல், சீட்டுக் குலுக்குவதுபோல் பிரிப்பதை எழுமாற்றுச் சோதனை என்கிறோம். இல்லாவிட்டால் இளமையும் வலுவும் உள்ளவர்கள் சத்திரசிகிச்சைப் பக்கமும், வேறு வருத்தங்கள் உள்ள முதியவர்கள் மறுபக்கமும் சேர்ந்துவிடுவார்கள். பிறகு வரும் வித்தியாசம் சிகிச்சையினாலா ஆட்களினாலா என்று பிரிக்க முடியாது.

நாரியிலிருந்து காலுக்கு இழுக்கும் நோவு

முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் வட்டுகள் இருக்கின்றன. வெளியே உறுதியான வளையம், உள்ளே களி போன்ற பகுதி. வளையம் கிழிந்து உள்ளே இருப்பது வெளியே தள்ளி நரம்பில் முட்டினால், பிட்டத்திலிருந்து குதிக்கால்வரை மின்னல்போல் இழுக்கும். வெளியே வந்த அந்தத் துண்டைப் பல பேரில் உடலே மெல்ல மெல்லக் கரைத்துவிடுகிறது. எனவேதான் இங்கே ஒப்பீட்டுக் குழு அவ்வளவு முக்கியம். காத்திருந்தவர்களும் சுகப்படுவார்கள்.

2007 இல் நெதர்லாந்தில் ஒரு சோதனை வெளியானது. ஆறு முதல் பன்னிரண்டு கிழமைகளாகக் கடுமையான கால் இழுப்போடு இருந்த 283 பேர். ஒரு பாதிக்கு விரைவாகச் சத்திரசிகிச்சை. மற்றப் பாதிக்கு மருந்தும் பயிற்சியும். தாங்க முடியாவிட்டால் பிறகு செய்யலாம். இந்தக் குழுவில் 39 வீதமானோர் பின்னர் சத்திரசிகிச்சைக்குப் போனார்கள். ஒரு வருட முடிவில் இரண்டு குழுவிலும் ஏறக்குறைய 95 வீதமானோர் தாம் தேறிவிட்டதாகச் சொன்னார்கள். ஆனால் முதலிலேயே செய்தவர்கள் வெகு சீக்கிரம் தேறினார்கள்.

இந்த முடிவை இரண்டு விதமாகப் படிக்கலாம். "ஒரு வருடத்தில் ஒன்றுதானே, எதற்கு ஒப்பரேஷன்" என்று ஒருவர் சொல்வார். அவர் சம்பளத்தோடு லீவு எடுக்கக்கூடியவராக இருப்பார். இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் குத்தகை வயல் செய்பவருக்கு அந்த வருடத்துக்குள் காலபோகம் ஒன்று போய்விடும். விதைப்புக்கு நிற்க முடியாவிட்டால் கடன் அடுத்த போகத்துக்கும் ஏறும். ஆய்வு காட்டும் "சீக்கிரம்" என்ற வித்தியாசம் அவருக்குச் சின்ன விசயம் இல்லை. அதேநேரம், தையல் காய்ந்த கையோடு நெல் மூட்டை தூக்கலாம் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. எப்போது மூட்டை தூக்கலாம், எப்போது லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பிடிக்கலாம் என்று திகதி குறிக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

அமெரிக்காவில் 13 மருத்துவ நிலையங்களில் நடந்து 2006 முதல் முடிவுகள் வெளிவந்த ஸ்போர்ட் ஆய்வு இன்னொரு பாடம் தருகிறது. வட்டு வெளித்தள்ளிய 501 பேரை எழுமாற்றாகப் பிரித்தார்கள். ஆனால் சத்திரசிகிச்சைக்கு என்று பிரிக்கப்பட்டவர்களில் மூன்று மாதத்துக்குள் பாதிப்பேர்தான் அதைச் செய்துகொண்டார்கள். செய்யாமல் இருக்க வேண்டியவர்களில் 30 வீதமானோர் போய்ச் செய்துகொண்டார்கள். நோவு குறைந்தவர் வேண்டாம் என்றார், கூடியவர் வேண்டும் என்றார். மனிதர்கள் அப்படித்தான். இதற்குக் குழு மாறுதல் என்று பெயர். இப்படி மாறிவிட்டால், முதலில் பிரித்தபடியே கணக்கிடும்போது இரண்டு குழுவும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் தெரியும். உண்மையில் யார் செய்துகொண்டார் என்று பார்த்துக் கணக்கிட்டால் சத்திரசிகிச்சை முன்னுக்கு நிற்கும். ஒரே ஆய்வை வைத்து இரண்டு பக்கமும் வாதாடுவது இதனால்தான். என் பார்வையில் இந்த ஆய்விலிருந்து உறுதியாக எடுக்கக்கூடியது ஒன்று: இரண்டு குழுவுமே தேறின. தாங்கக்கூடிய நோவோடு காத்திருந்து பார்ப்பதை அலட்சியம் என்று யாரும் சொல்லமுடியாது.

காலுக்கு இழுக்காமல் நாரி மட்டும் நோகும் பழைய வருத்தம் வேறு கதை. அதற்கு எலும்புகளைத் திருகாணி போட்டு இணைக்கும் பெரிய சத்திரசிகிச்சையையும் தீவிரப் பயிற்சித் திட்டத்தையும் 349 பேரில் ஒப்பிட்ட பிரித்தானிய ஆய்வு 2005 இல் வெளியானது. ஒஸ்வெஸ்ட்ரியில் வித்தியாசம் நாலு புள்ளி அளவுதான். நூறில் நாலு. நகையை அடகு வைக்கும் முன் அந்த நாலைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இதயம்: ஒரே பெயரில் இரண்டு நிலை

ஸ்டென்ட் பற்றிய குழப்பம் முழுவதும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. வரம்பில் வேகமாக நடந்தால் நெஞ்சு இறுக்குகிறது, நின்றால் விடுகிறது, பல மாதமாக இப்படித்தான். இது நிலையான நெஞ்சு நோவு. குழாய் ஒடுங்கியிருக்கிறது, ஆனால் ஓட்டம் இருக்கிறது. திடீரென இறுக்கி, வியர்த்துக் கொட்டி, ஓய்ந்திருந்தும் விடாவிட்டால் அது மாரடைப்பாக இருக்கலாம். குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பு வெடித்து, அதன்மேல் இரத்தம் கட்டிக் குழாயை மூடிவிட்டது.

பயனில்லை என்று சுற்றும் செய்திகள் முதல் நிலையைப் பற்றியவை. 2007 இல் வெளியான கரேஜ் ஆய்வில் 2,287 பேர். எல்லோருக்கும் நல்ல மருந்து. பாதிப்பேருக்குக் கூடவே ஸ்டென்ட் வைத்துக் குழாய் விரிக்கும் சிகிச்சை. சராசரி நாலரை வருடத்தில் இறப்பு அல்லது மாரடைப்பு குழாய் விரித்த பக்கம் 19 வீதம், மருந்து மட்டும் எடுத்த பக்கம் 18.5 வீதம். 37 நாடுகளில் 5,179 பேரோடு நடந்த இஸ்கீமியா ஆய்வும் 2020 இல் அதே திசையில்தான் முடிந்தது.

காரணம் விளங்கினால் முடிவு ஆச்சரியம் தராது. ஸ்டென்ட் ஒடுங்கிய அந்த ஓர் இடத்தைத் திறக்கிறது. நாளைக்கு வெடிக்கப்போகும் படிவு வேறு இடத்தில், அஞ்சியோகிராமில் பெரிதாகத் தெரியாத இடத்தில் இருக்கலாம். கொழுப்புக் குளிசையும் அஸ்பிரினும் எல்லாக் குழாய்களிலும் வேலை செய்கின்றன.

இதைப் படித்துவிட்டு ஒருவர் கிளினிக்கை விட்டுவிடக் கூடாது என்பதற்காக மூன்றை அழுத்திச் சொல்லவேண்டும்.

1. இடது பிரதான குழாய் ஒடுங்கியவர்களும், இதயத்தின் பம்பும் வலு மிகக் குறைந்தவர்களும் இஸ்கீமியா ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு அந்த முடிவு பொருந்தாது.

2. சீனி வருத்தம் உள்ளவருக்குப் பல குழாய்கள் அடைத்திருந்தால் கேள்வியே வேறு. 1,900 பேரோடு 2012 இல் வெளியான ஃப்ரீடம் ஆய்வில், ஐந்து வருடத்தில் இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்ந்து ஸ்டென்ட் குழுவில் 26.6 வீதம், நெஞ்சைத் திறந்து அடைப்பைச் சுற்றி வேறு குழாய் பொருத்தும் பைபாஸ் குழுவில் 18.7 வீதம். நெஞ்சைப் பிளக்கப் பயந்து "ஸ்டென்ட்டே போதும்" என்று கேட்டு வாங்கும் வீடுகள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

3. ஆயுள் கூடாவிட்டாலும் நெஞ்சு நோவு குறையலாம். அதுவும் ஒரு பலன்தான். கரேஜில் மருந்து மட்டும் எடுத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பிறகு குழாய் திறக்கும் சிகிச்சைக்குப் போனார்கள்.

போலிச் சிகிச்சை என்ற கடினமான சோதனை

நோவு குறைந்தது என்று நோயாளி சொல்லும்போது, எவ்வளவு சிகிச்சையால், எவ்வளவு "எனக்குச் செய்துவிட்டார்கள்" என்ற நம்பிக்கையால்? இதைப் பிரிக்க, ஒரு குழுவுக்கு எல்லாவற்றையும் செய்வதுபோல் செய்து, முக்கியமான ஒன்றை மட்டும் செய்யாமல் விடுவார்கள். நோயாளி முன்கூட்டியே சம்மதித்திருப்பார், ஆனால் தனக்கு எது நடந்தது என்று தெரியாது.

முள்ளெலும்பு நசுங்கிய முதியவர்களுக்கு எலும்புக்குள் சீமெந்து செலுத்தும் சிகிச்சையை 2009 இல் இரண்டு ஆய்வுகள் இப்படிச் சோதித்தன. போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் நோவு அதே அளவு குறைந்தது. 2017 இல் பிரித்தானியாவின் ஒர்பிட்டா ஆய்வு 200 பேரில் ஸ்டென்ட்டை அதேபோல் சோதித்தது. மருந்து நன்றாக எடுத்துக்கொண்டிருந்தவர்கள் உடற்பயிற்சிப் பட்டியில் நடக்கக்கூடிய நேரத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதே குழுவினர் 2023 இல், நெஞ்சு நோவுக்கான மருந்துகளை நிறுத்திவிட்டு 301 பேரில் திரும்பச் செய்தார்கள். இந்தமுறை ஸ்டென்ட் போட்டவர்களுக்கு நோவு தெளிவாகக் குறைந்தது. முதல் ஆய்வு எங்கள் கைபேசிகளில் சுற்றியது. இரண்டாவது சுற்றவில்லை.

நேரம் பார்க்கக் கூடாத இரண்டு

மாரடைப்பில் நடுவே நிற்க இடமில்லை. அடைத்த குழாயைத் திறப்பது உயிரைக் காக்கிறது, எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது. 1988 இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 பேர். அஸ்பிரினும் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியும் பெறாதவர்களில் ஐந்து கிழமைக்குள் 100 க்கு 13 பேர் அளவில் இதய, இரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தார்கள். இரண்டும் பெற்றவர்களில் 8 பேர். விலை குறைந்த ஒரு குளிசையும் ஓர் ஊசியும் நூற்றுக்கு ஐந்து உயிர்.

முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை நூறு கிலோமீட்டருக்கு மேல். "சின்ன ஆஸ்பத்திரியில் மினக்கெடாமல் நேரே யாழ்ப்பாணம் போவம்" என்று வான் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். 2013 இல் வெளியான ஸ்ட்ரீம் ஆய்வு இதே கேள்வியைத்தான் கேட்டது. ஒரு மணித்தியாலத்துக்குள் குழாய் விரிக்கும் சிகிச்சை கிடைக்காத 1,892 பேர். முதலில் ஊசி போட்டு அனுப்பிய குழுவில் ஒரு மாதத்தில் இறப்பும் பெரிய சிக்கல்களும் 12.4 வீதம், ஊசி இல்லாமல் நேரே சிகிச்சைக்குக் கொண்டுபோன குழுவில் 14.3 வீதம். ஊசி போட்டவர்கள் பின்னுக்கு நிற்கவில்லை. ஆகவே 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைப்பது, கிட்டிய வைத்தியசாலையில் ஈசிஜி எடுப்பது, அங்கேயே ஊசி, பிறகு பயணம். கிட்டிய ஆஸ்பத்திரியில் செலவாகும் அந்த அரை மணித்தியாலம் மினக்கேடு இல்லை, அதுவே சிகிச்சை.

முள்ளந்தண்டிலும் இப்படி ஒன்று உண்டு. நாரி நோவோடு சலம் போகாமல் கட்டுதல், மலம் தெரியாமல் போதல், சைக்கிள் இருக்கையில் படும் பகுதி மரத்துப்போதல், இரண்டு காலும் சோர்தல். முள்ளந்தண்டு வடத்தின் கீழே குதிரைவால்போல் பிரியும் நரம்புக் கூட்டம் நசிகிறது என்று பொருள். மேலே சொன்ன "காத்திருந்து பார்க்கலாம்" இங்கே செல்லாது. கிளினிக் திகதி பார்க்காமல் அன்றைக்கே போகவேண்டும்.

பனையால் விழுந்தவரும் செல் பட்டவரும்

பள்ளிப் புத்தகத்தில் முண்ணாண் என்று படித்தோமே, அந்த முள்ளந்தண்டு வடம் அறுந்தால் அதைத் தைத்து ஒட்ட இன்றுவரை வழியில்லை. எலும்பை நிமிர்த்தலாம், வடத்தின் மேலுள்ள அழுத்தத்தை எடுக்கலாம். கழுத்தில் அடிபட்ட 313 பேரைப் பின்தொடர்ந்து 2012 இல் வெளியான ஆய்வு, 24 மணித்தியாலத்துக்குள் அழுத்தம் நீக்கப்பட்டவர்களில் கூடுதலானோர் நன்றாகத் தேறியதைக் காட்டியது. அது எழுமாற்றுச் சோதனை இல்லை என்பதால் கொஞ்சம் பொறுத்தே எடுக்கவேண்டும்.

ஆனால் இவர்களின் ஆயுளை மாற்றியது கத்தி அல்ல. 1944 இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் லுட்விக் குட்மன் பொறுப்பேற்றபோது, இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர்கள் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சாவது வழமையாக இருந்தது. அவர் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம், இரவிலும், ஆளைப் புரட்டிப் படுக்க வைத்தார். சலப்பையைச் சுத்தமாகப் பார்த்தார். எழுப்பி இருத்தி, கைவேலையும் விளையாட்டும் கொடுத்தார். அவர்கள் வாழத் தொடங்கினார்கள்.

வன்னியில் இதை வீட்டுக்குள்ளேயே கண்டவர்கள் நிறைய. 2009 இல் போரில் எறிகணைச் செல் துண்டு முதுகில் ஏறி, இன்றும் சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைகளை இரவில் புரட்டிவிட எழும்பும் தாய்மார் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதுதான் இந்த நோயில் அதிகம் பலன் கண்ட சிகிச்சை. உயிரிழை போன்ற அமைப்புகள் இந்தப் பாதிப்புள்ளவர்களை ஒன்றுசேர்த்து வைத்திருப்பதும் அதே காரணத்தால் பெறுமதியானது. குண்டியில் ஒரு சிவப்புத் தழும்பு தெரிந்தவுடன் யாரிடம் கேட்பது என்று தெரிந்திருப்பது உயிர் சம்பந்தப்பட்ட விசயம்.

இன்றைக்கும் சீவல் தொழிலுக்குப் பனையில் ஏறியவர் விழுந்தால், ஒருவர் கக்கத்திலும் ஒருவர் காலிலும் பிடித்துத் தூக்கி, ஓட்டோவின் பின் இருக்கையில் மடித்து இருத்துகிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் முறிந்த எலும்பு வடத்தை அறுப்பது அந்த மடிப்பில் நடக்கலாம். ஒரு கதவைக் கழற்றியோ பலகையிலோ, தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேர்கோட்டில் இருக்க நாலைந்து பேராக ஒன்றாய் உருட்டி ஏற்றவேண்டும். 1990 வர நேரம் எடுத்தாலும், ஆள் மூச்சு விடுகிறார் என்றால் அசைக்காமல் காத்திருப்பது நல்லது.

இந்த எண்கள் இங்கே எவ்வளவு பொருந்தும்?

மருந்து ஸ்டென்ட்டுக்குச் சமம் என்று கரேஜ் சொன்னபோது, மருந்து என்றது ஒவ்வொரு நாளும், வருடக்கணக்கில், பிரஷரும் கொழுப்பும் குறித்த அளவுக்கு இறங்கும்வரை எடுத்த மருந்து. கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிறது, ஆனால் பஸ் இல்லை, அன்றைக்கு அறுவடை, குளிசை முடிந்து பத்து நாள் என்றால் அந்தச் சமன்பாடு உடைந்துவிடும். இதற்கு வழி காட்டிய ஆய்வொன்று இலங்கையிலேயே நடந்தது. 2018 இல் வெளியான ட்ரையம்ஃப் ஆய்வில் 700 பேர். மூன்று பிரஷர் மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் பிரஷர் குறித்த அளவுக்கு வந்தவர்கள் 70 வீதம். வழமையான சிகிச்சையில் 55 வீதம். 2020 இல் வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை மூன்றின் கிராமங்களிலும் 2,645 பேரோடு வெளியான ஆய்வில், சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய் அளந்த இடங்களில் பிரஷர் கூடுதலாக ஐந்து புள்ளி இறங்கியது. கொக்கிளாய்க்கும் துணுக்காய்க்கும் ஸ்டென்ட் கூடம் கட்டமுடியாது. இதைச் செய்யமுடியும்.

முள்ளந்தண்டுக்கு அப்படி ஒரு கணக்கு எங்களுக்கு வேண்டும். சுவீடனில் முதுகுச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு 1, 2, 5 வருடங்களில் படிவம் அனுப்பிப் பதிகிறார்கள். இங்கிருந்து யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ செய்துகொண்டு வருபவர் தையல் வெட்டியதோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார். வெட்டிய மருத்துவருக்கும் அவருடைய அடுத்த வருடம் தெரியாது. மூன்றாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். ஒஸ்வெஸ்ட்ரி படிவத்தில் கதிரையில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று கேட்கிறார்கள். எங்கள் அம்மாமார் இருப்பது தரையில். ஆகவே அந்த அழைப்பில் கேட்கவேண்டியவை இவை: நிலத்தில் இருந்து கை ஊன்றாமல் எழும்பமுடிகிறதா? கிணற்றில் எத்தனை வாளி அள்ளமுடிகிறது? இந்தப் போகம் வயலுக்குள் இறங்கினீர்களா?